அமெச்சூர் ரேடியோ: இளைஞர் கழகம் தொடங்குவார்க்குச் சில குறிப்புக்கள்

சென்ற பருவத்தின் இறுதியில் நம் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் எம்மிடம் வந்து, தாம் ஒன்றுகூடி அமெச்சூர் ரேடியோக் கழகம் ஒன்று நிறுவ எண்ணியிருப்பதாகவும், அதற்கு எக்கருவியை முதற்கண் வாங்குதல் வேண்டும் என்பதை யாம் உரைத்தல் வேண்டுமென்றும் கேட்டனர். அவர்கள் கையில் ஒரு விலைப்பட்டியலும் இருந்தது. அதில் மூன்று கருவிகளின் பெயர்க்கடியில் கோடு கிழித்திருந்தனர். யாம் அப்பட்டியலை வாங்கி மேசைமேற் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதற்கண் வாங்கற்பாலது யாதும் இல்லை, முதற்கண் செய்யற்பாலது கேட்டலே" என்றோம். அவர்கள் முகம் சிறிது வாடிற்று. அங்ஙனம் யாம் கூறியதன் காரணத்தை அன்று முற்றும் விளக்கப் பொழுது போதாமையால், அவர்க்கும் அவரைப்போல் இத்துறையிற் புக விரும்பும் பிறர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அமெச்சூர் என்னுஞ் சொல், ஊதியங் கருதாது விருப்பம் ஒன்றே பற்றி ஒரு கலையைப் பயில்வாரைக் குறிப்பது. அமெச்சூர் ரேடியோவாவது, தனிமக்கள் அரசாங்கத்தாரின் அனுமதி பெற்றுத் தம் இல்லத்தினின்றே கம்பியில்லா அலைகளை அனுப்பியும் ஏற்றும் ஒருவரோடொருவர் உரையாடுதலாம். வானொலி நிலையத்தார் பேச நாம் கேட்கின்றோம். நாம் விடை கூறுதற்கு அங்கே இடமில்லை. இங்கோ கேட்பவரே பேசுபவருமாவர். இவர்களை ஹாம் எனவும் உலகோர் வழங்குவர். வாணிகம் பேசுதலும், இசை பரப்புதலும், பொருள் மறைத்துக் குறிமொழியாற் பேசுதலும் இதன்கண் விலக்கப்பட்டவை. கருவியை ஆராய்தல், அலைகளின் இயல்பை அறிதல், தொலைவிலுள்ளாரோடு நட்புக் கொள்ளுதல், இடுக்கண் நேர்ந்துழி உதவுதல் என்பனவே இதன் பயன்களாம்.

சட்டைப்பைதோறும் கைபேசி இருக்கும் இக்காலத்தில் இஃது எற்றுக்கு என்று வினவுவார் உளர். வினா தக்கதே. கைபேசியில் நாம் பேசுங்கால், நம் குரல் அருகிலுள்ள கோபுரத்தை அடைந்து, அங்கிருந்து கம்பிகளின் வழியும் நிலையங்களின் வழியும் சென்று, மற்றொரு கோபுரத்தினின்று இறங்கி நண்பர் செவியை எய்துகின்றது. இடையிலுள்ள இவற்றுள் ஒன்று கெடினும் பேச்சு நின்றுவிடும். அமெச்சூர் ரேடியோவிலோ இரண்டு நிலையங்கட்கு இடையே வானம் ஒன்றே உளது. பிறர் எவரும் இலர். வழியை அமைப்பவரும் நாமே, அது கெட்டாற் செப்பனிடுவாரும் நாமே. இதனாலேயே இக்கலை பயில்வார்க்கு அறிவும் பொறுப்பும் ஒருங்கே வளர்கின்றன.

நம் நாட்டில் இம்முயற்சி புதிதன்று. 1921-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் என்னும் இருவர் அமெச்சூர் ரேடியோவை இந்தியாவில் தொடங்கிவைத்தனர். சென்னையில் 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோக் கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் நடத்தத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுபோயிற்று. அதன் பரப்பிக் கருவி நகராண்மைக் கழகத்தார் கைக்கு வந்து, 1930 முதல் அவர்கள் ஒலிபரப்பினர். அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-இல்தான் தோன்றிற்று. அரசாங்கத்தார்க்கு முன்னரே விருப்பம் ஒன்றே பற்றிச் சிலர் கூடி இவ்வூரில் வானலையை எழுப்பினர் என்பதும், ஊக்கம் உளதாகவும் கைப்பொருள் இன்மையால் அக்கழகம் மூன்றாண்டிற்குமேல் நில்லாதாயிற்று என்பதும் இளைஞர் கழகத்தார் நினைவில் இருத்தற்பாலன.

இனி எம் பிழையைச் சொல்லுதும். பல ஆண்டுகட்கு முன் ஓர் இளைஞர் கழகத்தார்க்குத் துணைசெய்ய யாம் முற்பட்டோம். பழைய மாணவர் ஒருவர் மனமுவந்து அளித்த பொருளும், இளைஞர் வீடு வீடாய்ச் சென்று திரட்டிய பொருளும் சேர்ந்து ஒரு நல்ல தொகையாயின. அத்தொகை முழுவதையும் கொண்டு, அனுப்பவும் ஏற்கவும் வல்ல உயர்ந்த கருவி ஒன்றிற்கு விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டோம். அதன் பின்னரே, அனுமதிச் சீட்டு இல்லாதார் பரப்பிக் கருவியை வைத்திருத்தலும் குற்றமென்பதை நினைந்தோம். எங்களுள் ஒருவரேனும் அதுகாறும் தேர்வு எழுதியிருந்திலர். தேர்வுக்கு விண்ணப்பித்து, எழுதி, சீட்டு வருவதற்குள் ஓர் ஆண்டிற்கு மேல் சென்றது. அதற்குள் முன்னின்று உழைத்த மாணவர் பட்டம் பெற்று வெளியேறினர். புதிதாக வந்தார்க்கு அதன்பால் ஆர்வம் இல்லை. அவர்க்கு ஒருவரும் கற்பித்திலர். முடிவிற் கருவி வந்தது. அதைத் தொடுவார் இலர். அது பூட்டிய அலமாரியுள் உறைபிரியாது கிடந்ததைக் காணுந்தோறும், அப்பொருள் திரட்ட வெயிலில் அலைந்த இளைஞரின் முகம் எம் முன்னே தோன்றிற்று. குற்றம் கருவியினுடையதன்று, எம்முடையதே. கழகத்தை விடுத்துக் கருவியை வாங்கினோம்.

இரண்டாம் முறை தொடங்கியபோது முறையை மாற்றினோம். முதலிற் கேட்டல், அடுத்துக் கம்பி கட்டல், அதன்பின் தேர்வு, இறுதியிற் பரப்பிக் கருவி என்று வகுத்துக்கொண்டோம். இவ்வரிசையை ஒவ்வொன்றாக விளக்குவாம்.

கேட்டற்கு வேண்டுவது சிற்றலை வாங்கி ஒன்றே. ஆயின் ஒன்று கவனிக்கத் தக்கது. அமெச்சூர்கள் சிற்றலையிற் பேசுங்கால் பெரும்பாலும் ஒற்றைப் பக்கப்பட்டை என்னும் முறையைக் கையாளுகின்றனர். ஒலிபரப்பு நிலையத்தின் அலையில் நடுவே ஊர்தியலையும், அதன் இருமருங்கும் ஒரே செய்தியைச் சுமக்கும் இரண்டு பட்டைகளும் இருக்கும். ஊர்தியலையையும் ஒரு பட்டையையும் நீக்கி, எஞ்சிய ஒன்றை மட்டும் அனுப்பினால், சிறிய விசையே நெடுந்தொலைவு செல்லும். சாதாரண வாங்கியில் இப்பேச்சு வாத்துக் கத்துவது போலவே கேட்கும். நீக்கிய ஊர்தியலையை வாங்கியின் உள்ளேயே உண்டாக்கிச் சேர்க்கும் அமைப்புடையதாயின் வாத்தின் குரல் மனிதர் குரலாக மாறும். ஆகவே வாங்கும்போது எஸ்.எஸ்.பி. என்னும் வசதி உளதா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். இதனை அறியாது மலிவான பெட்டியை வாங்கி, "ஒன்றும் விளங்கவில்லை" என்று கைவிட்டார் பலர்.

எங்கே, எப்பொழுது கேட்பது? 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 40 மீட்டர்ப் பட்டை தொடங்குவார்க்கு உகந்தது. காலையில் அங்கே நம் நாட்டு ஹாம்கள் கூடித் தத்தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் நலம் வினவுவதைக் கேட்கலாம். கதிரவன் மறைந்தபின் அதே பட்டையிற் கடல்கடந்த நாட்டார் குரல் மெல்ல எழும். 14 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 20 மீட்டர்ப் பட்டையிலோ பகலிலும் மாலையிலும் தொலைநாடுகள் கேட்கும். இவ்வேறுபாட்டின் காரணம் அறிதல் இன்பந் தருவது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால், கதிரவன் ஒளியால் அணுக்கள் பிளவுண்டு மின்னேற்றம் பெற்ற படலங்கள் உள. 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மேற்படலம் சிற்றலைகளை வளைத்து மீண்டும் நிலத்திற்கு அனுப்புகின்றது. அடியிலுள்ள படலமோ பகலில் தாழ்ந்த அதிர்வுகளை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அது கலைந்துபோகும். அதனாற்றான் பகலில் நமக்கு அண்மையிலுள்ளார் குரலே கேட்ட பட்டையில் இரவில் தொலைவிலுள்ளார் குரலும் வந்து சேர்கின்றது. கதிரவன் முகத்துக் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினோர் ஆண்டிற்கு ஒருமுறை மிகுந்தும் குறைந்தும் வருதலால், இப்படலங்களின் வன்மையும் அதற்கேற்ப மாறும். பாடப்புத்தகத்திற் படமாகக் கண்ட இவற்றை மாணவர் தம் செவியால் அறிதலினும் சிறந்த பாடம் வேறு யாது?

கேட்டலோடு எழுதுதலும் வேண்டும். ஒரு தடித்த குறிப்பேடு வாங்குக. நாள், நேரம், அதிர்வெண், கேட்ட நிலையத்தின் அழைப்புக்குறி, குரலின் தெளிவு என்பவற்றிற்கு ஐந்து பத்திகள் வரைக. நேரத்தை உலகப் பொதுநேரத்திற் குறித்தல் மரபு. நம் நேரத்தினின்று ஐந்தரை மணி கழித்தால் அது வரும். இரவு 8.30 மணி, ஏட்டில் 15.00 ஆகும். அழைப்புக்குறியின் முன்னெழுத்துக்களால் நாடு விளங்கும்: வி.யு. என்பது இந்தியா, 4எஸ் என்பது இலங்கை, 9வி என்பது சிங்கப்பூர், 9எம் என்பது மலேசியா. இரைச்சலிற் பி, டி, இ என்பன மயங்குமாதலின், எழுத்தொன்றிற்குச் சொல்லொன்றாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லும் வழக்கத்தையும் இவ்வாறு கேட்டே பழகலாம். எம் கழகத்தில் முதலாண்டு மாணவி ஒருவர், தாம் கேட்ட இலங்கை நிலையம் ஒன்றின் குறியை நான்கு முறை அடித்தடித்து எழுதி, ஐந்தாம் முறை பிழையற எழுதி, ஏட்டை எம்மிடம் நீட்டினார். அன்று முதல் அவர் ஒருநாளும் வாராதிருந்திலர். செலவு யாதுமில்லை, ஆயினும் பூட்டிய அலமாரியிற் கிடந்த கருவி செய்யாததை அவ்வொரு வரி செய்தது.

கேட்டலின் வன்மைக்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவாம். 1974-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஆஸ்கர்-7 என்னும் அமெச்சூர்த் துணைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. 1981-இல் அதன் மின்கலம் பழுதுற்றுக் குறுக்கிணைப்பாகிவிடவே, அஃது ஊமையாயிற்று. இறந்ததென எல்லோரும் விட்டுவிட்டனர். 2002-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்திலுள்ள அமெச்சூர் ஒருவர் அதன் குறியொலியைக் கேட்டார். பழுதுற்ற மின்கலத்தின் இணைப்பு முற்றும் அறுந்துபோனமையால், கதிரவன் ஒளி படும்போதெல்லாம் அது மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தது. இருபத்தோராண்டு பேசாதிருந்ததொன்று பேசியது அறியப்பட்டது, ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தமையாலன்றோ!

அடுத்தது வான்கம்பி. ஏரியல் என வழங்கும் இதுவே நிலையத்தின் உயிர். பெருவிலைக் கருவியும் தாழ்ந்த வான்கம்பியும் உடையாரைவிட, எளிய கருவியும் நல்ல வான்கம்பியும் உடையார் தொலைவு செல்வர். இளைஞர் தம் கையாற் செய்யத் தக்கது அரையலை இருமுனைக் கம்பியாகும். கணக்கு மிக எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 42.25 மீட்டர், அதன் பாதி 21 மீட்டருக்குச் சற்று மேல். கம்பியின் முனைகளில் நிகழும் விளைவாற் நூற்றுக்கு ஐந்து அளவு குறைத்தல் வேண்டுமாதலின், ஏறத்தாழ 20 மீட்டர் போதும். அதனை நடுவில் வெட்டி, பக்கத்திற்குப் பத்து மீட்டராக்கி, நடுவில் 50 ஓம் கோஆக்சியல் கேபிளின் உட்கம்பியை ஒரு பாதிக்கும் வெளிப்பின்னலை மறுபாதிக்கும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வான்கம்பி முடிந்தது. முனைகளைப் பி.வி.சி. குழாய்த் துண்டுகளிற் கோத்து நைலான் கயிற்றால் மரத்திற் கட்டலாம். இரண்டு உயர்ந்த மரங்கள் இல்லாவிடின், நடுவை ஒரு கம்பத்தின் உச்சியில் ஏற்றி இருபாதியையும் இருபுறமும் சாய்த்துக் கட்டுதலும் நன்றே. நடுப்பகுதி எட்டுப் பத்து மீட்டராவது உயர்ந்திருத்தல் நலம்.

கம்பியை முதலிற் சிறிது நீளமாகவே வெட்டுக. குறைத்தல் எளிது, கூட்டுதல் அரிது. நீளம் பொருந்தியதா என்பதை நிலையலை விகிதங் காட்டும் கருவியால் அறியலாம். சுவரிற் கட்டிய கயிற்றின் ஒரு முனையை உதறினால், அலை சுவரை முட்டி நம் கைக்கே மீளும். வான்கம்பி பொருந்தாவிடின் நாம் அனுப்பும் விசையும் அவ்வாறே கருவிக்கு மீண்டு அதற்குக் கேடு விளைக்கும். விகிதம் ஒன்றுக்கு அண்மையில் இருப்பது நன்று. மூன்றைத் தாண்டினால் அனுப்புதல் கூடாது. இரண்டு கைப்பிடி அளவு கம்பியை வெட்ட வெட்ட முள் கீழிறங்குவதைக் காணும் மாணவர், அலைநீளம் என்பது வெறும் எண்ணன்று என்பதை மறவார். பற்றவைத்த இடங்களையும் கேபிளின் வாயையும் நீர் புகாதவாறு நன்கு மூடுதல் வேண்டும். எம் கழகத்தார் இதிற் சோம்பியமையால், முதல் மழையிலேயே கேபிளினுள் நீர் புகுந்து பின்னல் கறுத்து, அஃது ஒன்றுக்கும் உதவாததாயிற்று. கடற்கரையூர்களில் உப்புக்காற்றால் இக்கேடு இன்னும் விரைந்து வரும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறாது மேற்செல்லல் தகாது. மின்சாரக் கம்பிகள் செல்லும் இடத்திற்கு மேலோ, கீழோ, அருகிலோ வான்கம்பியை ஒருபோதும் கட்டற்க. கயிறு அறுந்து வீழினும் அவற்றைத் தொடாத தொலைவு வேண்டும். கம்பத்தை நிமிர்த்தும்போது அனுபவமுடைய ஆசிரியர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது. அனுப்புங்கால் கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் மிகுமாதலால், எவர் கையும் எட்டாத உயரத்தில் அவை இருத்தல் வேண்டும். இடி மின்னல் வருங்காலத்து, அது வருமுன்னரே கேபிளைக் கருவியினின்று கழற்றிக் கட்டிடத்திற்கு வெளியே விட்டுவிடுக. கருவி போனால் வேறு வாங்கலாம். மாணவர் ஒருவர்க்கு ஊறு நேரின் எதனாலும் ஈடுசெய்யல் இயலாது.

மூன்றாவது தேர்வு. நம் நாட்டில் அமெச்சூர் நிலையம் நடத்துவார் மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறையார் நடத்தும் தேர்விற் றேறி அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர் எழுதலாம். ரெஸ்டிரிக்டெட், ஜெனரல் என இரு தரங்கள் உள. முன்னதற்கு மின்னியல், ரேடியோவின் அடிப்படை, விதிமுறைகள் என்பவற்றில் அறிவு போதும். பின்னதற்கு மார்ஸ் குறியொலியைக் கேட்டெழுதவும் அனுப்பவும் பயிற்சி வேண்டும். கல்லூரிகளும் கழகங்களும் தம் பெயரால் நிலையம் நடத்தற்கும் இடமுண்டு. ஆயின் தேர்ச்சி பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். விதிகள் காலந்தோறும் மாறுமாதலின், விண்ணப்பிக்குமுன் அப்போதுள்ள விதியைப் படித்தறிக. விண்ணப்பத்திற்கும் சீட்டிற்கும் இடையே சில திங்கள் செல்லக்கூடும். ஆகவே கழகந் தொடங்கிய முதற்பருவத்திலேயே ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் ஒருங்கே விண்ணப்பித்தல் முறை. காத்திருக்குங் காலம் கேட்டற்கும் கம்பி கட்டற்கும் உரியதாகும்; வீணாவதில்லை.

நான்காவதாகவே கருவி. இப்பொழுது விலைப்பட்டியலை மீண்டும் நிமிர்த்தலாம். பலரும் முதலில் நாடுவது கையிற் பிடிக்கும் சிறு கருவி. அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர்ப் பட்டையிற் பேசும். விலை குறைவு, ஊருக்குள் முகாம்களிலும் விழாக்களிலும் உதவும். ஆயின் அதன் அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வதாகையால், சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. உயர்ந்த இடத்தில் திருப்பியனுப்பும் நிலையம் இருந்தாலே அப்பாற் செல்லும். விண்ணில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 145.8 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலையும் படங்களையும் இச்சிறு கருவியாற் கேட்டுப் பெறக்கூடும் என்பது இதன் சிறப்பு. அந்நிலையம் நம் தலைக்குமேற் கடந்து செல்வது பத்து நிமிடத்திற்குள்ளாகவே. அந்நேரத்தை முன்னறிந்து மொட்டைமாடியிற் கூடியிருத்தல் இளைஞர்க்கு மிக்க கிளர்ச்சி தருவதாம்.

தொலைவிலுள்ளாரோடு பேசச் சிற்றலைக் கருவியே வேண்டும். வெளிநாட்டுக் கருவிகள் விலை மிக்கவை. இக்குறையை நினைந்தே ஹைதராபாத்திலுள்ள அஷ்ஹர் ஃபர்ஹான் என்னும் அமெச்சூர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்னும் எளிய அமைப்பொன்றை வகுத்தார். நம் ஊர்க் கடைகளிற் கிடைக்கும் உறுப்புக்களைக்கொண்டே அனுப்பவும் ஏற்கவும் வல்ல கருவியை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுமாறு அதன் வரைபடத்தை எல்லார்க்கும் வழங்கினார். உலகின் பல நாட்டாரும் அதனைக் கட்டிப் பேசினர். ஒரே மின்பாதையை ஏற்கும்போது ஒரு திசையிலும் அனுப்பும்போது எதிர்த்திசையிலும் பயன்படுத்துவதே அதன் நுட்பம். இத்தகைய சிறு கருவி சில வாட் விசையே உடையதெனினும், நல்ல வான்கம்பியும் தக்க நேரமும் வாய்த்தால் நாடு கடந்து கேட்கும். மேலும், தாமே கட்டியது பழுதுற்றால் தாமே திருத்தலாம் என்னுந் துணிவு இளைஞர்க்கு உண்டாகும். மின்விசைக்கு 12 வோல்ட் மோட்டார் பாட்டரி ஒன்று போதும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி இணைத்தாற் கருவி நொடியில் எரிந்துவிடுமாதலின், பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் ஒன்று வைத்து, இணைப்பதற்கு முன் இருவர் பார்த்தல் வேண்டும் என்னும் விதியைக் கழகத்தார் கைக்கொள்க.

இனி எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கல்லூரிக் கழகத்தின் பெரும்பகை வறுமையன்று, பட்டமளிப்பு விழாவே. மூன்றாண்டிற் பழகியவர் ஒரே நாளில் வெளியேறுகின்றனர். அவரோடு அவர் கற்றதும் சென்றுவிடின், கழகம் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குங் கழகமாகவே இருக்கும். இதற்கு யாம் கண்ட மருந்து எளியது. மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு மாணவர் ஒருவரைத் தம் இணையாகக் கொள்ளுதல் வேண்டும். கம்பியின் கணக்கையோ, பற்றவைப்பையோ, மார்ஸ் குறியையோ தாம் அறிந்த ஒன்றை அவ்விணைக்குக் கற்பித்து, அவர் தனியே செய்யக் கண்டபின்னரே மூத்தவர் தம் பெயரை ஏட்டினின்று எடுக்கலாம். கழகத்தின் குறிப்பேட்டையும் நூலகத்திற் பாதுகாத்தல் வேண்டும். எந்தக் கிளையில் எந்தக் கயிறு கட்டப்பட்டது, எந்த நாளில் எந்தப் பழுது கண்டது என்பவற்றைப் பின்வருவார் அதனால் அறிவர்.

ஆண்டிற்கொரு நோக்கமும் இருத்தல் நன்று. 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகச் சாரணர் பேரணியிற் கூடிய ரேடியோ அன்பர்கள், பிரிந்த பின்னும் அலைவழியே சந்திக்க விரும்பினர். லெஸ் மிட்சல் என்பார் அதனை ஏற்பாடு செய்ய, 1958-இல் முதலாவது வானலைப் பேரணி நடந்தது. இப்பொழுது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர்த் திங்களில் உலகெங்குமுள்ள சாரணர் அதிற் கூடுகின்றனர். அனுமதி பெற்ற அமெச்சூர் ஒருவரின் நிலையத்தில் அந்நாட்களிற் கூடிக் கேட்பதை நம் கழகத்தார் ஆண்டுவிழாவாகக் கொள்ளலாம். ஜூனில் வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர் அக்டோபருக்குள் அழைப்புக்குறியைப் பிழையற எழுதக் கற்றிருப்பர்.

இத்துணைப் பயிற்சியும் எதற்கு என்பதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் குறித்து முடிப்பாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நெடுங்காலம் அமெச்சூர் ஒலி எழாதிருந்த அந்தமான் தீவுகளினின்று உலகோருடன் பேசுதற்குப் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினரோடு போர்ட் பிளேயர் சென்றிருந்தார். தொலைவிலுள்ளார் பலர் தம்முடன் பேச விரும்பும் இன்ப விழாவாகவே அது நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 26-ஆம் நாட் காலையில் நிலம் நடுங்கிக் கடல் பொங்கிற்று. தொலைபேசிகள் அற்றுப்போயின. அவ்வம்மையார் விளையாட்டை நிறுத்தி, அதே கருவியையும் அதே வான்கம்பியையும் கொண்டு, தீவிலிருந்தார் நலத்தைத் தாய்நாட்டிலுள்ள உறவினர்க்கு அறிவிக்கும் பணியை மேற்கொண்டார். மக்கள் உயிரோடிருக்கின்றனரா என்று ஏங்கியிருந்த குடும்பங்கட்கு அச்செய்தி எத்தகையதாயிருந்திருக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. துன்பம் வந்தபின் அவர் கருவி வாங்கச் செல்லவில்லை. கம்பி கட்டக் கற்கவில்லை. கேட்டும் எழுதியும் பேசியும் பல ஆண்டு பழகிய செவியும் கையும் அன்று ஆயத்தமாய் இருந்தன.

புயலும் வெள்ளமும் நம் கரையோர ஊர்களுக்குப் புதியன அல்ல. அத்தகைய நாளில் நம் கல்லூரியினின்று ஒரு குரல் எழுமா என்பது, அலமாரியிலுள்ள கருவியின் விலையைப் பொறுத்ததன்று. மாலைதோறும் ஓர் அறையில் வாங்கியின் முன்னமர்ந்து, தடித்த ஏட்டில் அழைப்புக்குறியை எழுதும் மாணவர் ஒருவரும், அவர் தோளருகே நின்று பார்க்கும் இளையவர் ஒருவரும் இவ்வாண்டும், அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் இருப்பரா என்பதையே பொறுத்தது. எம்மிடம் வந்த மாணவர்கள் விலைப்பட்டியலை எம் மேசையிலேயே விட்டுச் சென்றனர். அவர்க்குச் சீட்டுக் கிடைக்கும் நாளில் அதனைத் திருப்பித் தருவோம். அதுவரை எம்பால் உள்ள வாங்கியும், இருபது மீட்டர்க் கம்பியும், வெற்றேடு ஒன்றும் அவர்க்குரியன.